தொடக் கூடாத ஃபோல்டர்

மூன்றாவது தடவையும் அது திறந்தது, ஒரு விநாடி நின்றது, பட்டென்று மூடிக்கொண்டது.

போட்டோக்காரர் மௌஸிலிருந்து கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் வைத்தார். கை ஈரமாக இருந்தால் கம்ப்யூட்டருக்குப் பிடிக்காது என்று அவருக்கு நெடுநாளைய நம்பிக்கை. திரையின் ஓரத்தில் இருந்த மஞ்சள் ஃபோல்டரை இரண்டு முறை தட்டினார். ஃபைல் மேனேஜர் ஜன்னல் திறந்தது. மேலே ஒரு பச்சைக் கோடு மெதுவாக ஊர்ந்தது. திரையில் இருந்த அத்தனை சின்னங்களும் ஒருமுறை கண்சிமிட்டின. ஜன்னலைக் காணோம்.

"இதென்னடா கூத்து?" என்றார் கம்ப்யூட்டரைப் பார்த்து.

நேற்று மாலை கடையைப் பூட்டும்போது, 'அப்டேட் தயாராக இருக்கிறது, போட்டுக்கொள்ளலாமா?' என்று அது கேட்டது. பதினோரு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பத்து நாள் 'பிறகு பார்க்கலாம்' என்று தட்டிக்கழித்தவர், நேற்று என்னவோ நல்ல மனநிலையில் இருந்ததால் 'சரி' என்று சொல்லித் தொலைத்துவிட்டார். நல்ல மனநிலையில் அவர் எடுத்த முடிவு எதுவும் இதுவரை உருப்பட்டதில்லை.

அந்த மஞ்சள் ஃபோல்டருக்குள் அறுநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்புப் பிள்ளைகள். மூன்று நாள் முழுக்க நின்று, கண்ணை மூடினவனைத் திறக்கச் சொல்லி, திறந்தவனைச் சிரிக்காதே என்று அதட்டி, ஒவ்வொரு முகமாக எடுத்த படங்கள். நாளைக் காலை அவர்களுக்குப் பரீட்சை. படம் ஒட்டிய அட்டை இல்லாத பிள்ளை பரீட்சை அறை வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். பள்ளிக்கூட க்ளார்க் அம்மா மூன்று மணிக்குப் பென்டிரைவோடு வருகிறார். ஐந்து மணிக்குள் அட்டைகள் அச்சாகியாக வேண்டும். இப்போது மணி பன்னிரண்டு.

வேறு யாராக இருந்தாலும் இந்நேரம் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார்கள். போட்டோக்காரரால் அது முடியாது. அந்த ஃபோல்டரின் உட்புறம் பிறர் பார்க்கக்கூடிய நிலையில் இல்லை.

ஸ்டுடியோ இரண்டு பேருக்குச் சொந்தம். ஸ்டூலில் உட்காரவைத்து எடுக்கும் படமெல்லாம் போட்டோக்காரர் பொறுப்பு. வெளியே போய் எடுக்கும் படமெல்லாம் அவருடைய மனைவியின் தம்பி, அதாவது மச்சான் பொறுப்பு. கேமரா இரண்டு, கம்ப்யூட்டர் ஒன்று. பதினான்கு மாதங்களுக்கு முன்னால் ஒருநாள், "மாமா எடுக்கிற படத்துல எல்லாருமே போலீஸ் பிடிச்சுட்டு வந்த மாதிரிதான் இருப்பாங்க" என்று வாடிக்கையாளர் எதிரிலேயே மச்சான் சொல்லிவிட்டான். வாடிக்கையாளர் சிரித்தும் விட்டார். அன்றோடு பேச்சு நின்றது. மறுநாளே போட்டோக்காரர் தன் படங்களையெல்லாம் அள்ளி ஒரே ஃபோல்டருக்குள் போட்டு, அதற்கு 'இதை யாரும் தொடக் கூடாது' என்று பெயர் வைத்தார்.

அடுத்த நாள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குத் திரும்பி வந்து திறந்தால், அதற்குள் புதிதாக ஒரு ஃபோல்டர். பெயர், 'தொட்டா என்ன பண்ணுவீங்க'. அவருடைய படங்கள் அத்தனையும் அதற்குள் கிடந்தன.

மச்சான் ஒன்றரை மணிக்குக் கடைக்கு வந்து கேமராவை எடுத்துப் போவது வழக்கம். அவனைத் தவிர வேறு யார்? போட்டோக்காரருக்கு ரத்தம் கொதித்தது. அந்த ஃபோல்டருக்குள் 'பண்ணும்போது தெரியும்' என்று இன்னொன்றை உண்டாக்கிப் படங்களை அதற்குள் தள்ளினார். மறுநாள் அதற்குள் இன்னொன்று, 'போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க'.

இப்படியே ஒன்றுக்குள் ஒன்றாகச் சண்டை உள்ளே இறங்கிக்கொண்டே போயிற்று. போட்டோக்காரர் யோசித்து யோசித்துப் பதில் எழுதுவார். சில பதிலுக்கு மாதக்கணக்கில்கூட ஆகும். எதிர்த்தரப்புப் பதில் மட்டும் மறுநாளே சுடச்சுட வந்துவிடும். படங்களை வெளியே எடுத்து வேறு இடத்தில் வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். வைத்தால் தோற்றுப்போனதாக ஆகிவிடாதா? அதனால் புதிதாக எடுக்கும் படங்களையும் அவர் மெனக்கெட்டு அடித்தளம்வரை இறங்கிப் போய்த்தான் போடுவார். அந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளும் இப்போது அங்கேதான் இருந்தார்கள்.

நான்காவது முறை தட்டினார். இந்தத் தடவை ஜன்னல் திறப்பதற்கு முன்பே மூடிக்கொண்டது.

அணைத்துவிட்டுப் போடுவோம் என்று நினைத்தார். கம்ப்யூட்டர் விஷயத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். அணைத்தார். அது அணையவில்லை. 'மீதி அப்டேட் நடக்கிறது, தயவுசெய்து அணைக்காதீர்கள், நான்கு சதவீதம்' என்று எழுதிக்காட்டியது.

நான்கு ஐந்தாவதற்கு ஏழு நிமிடம் ஆயிற்று. போட்டோக்காரர் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். முடிய இரவு பதினொன்றுக்கு மேல் ஆகும் போலிருந்தது.

"என்னண்ணே, கரண்ட் இல்லாத மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

பக்கத்துக் கடைக்காரர். மூக்குக்கண்ணாடி விற்பவர். தன் கடைப் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை ஒருமுறை தானே உருவி எடுத்தவர் என்பதால், தெருவில் கம்ப்யூட்டர் பற்றிய எந்தப் பேச்சிலும் மூக்கை நுழைக்கும் உரிமை தனக்கு உண்டு என்று நம்புகிறவர்.

"ஒண்ணுமில்ல. அப்டேட்."

"போட்டுட்டீங்களா? ஐயையோ, அதைப் போடவே கூடாதுண்ணே! என் கடையில மூணு வருஷமா போடல. எவ்வளவு ஆரோக்கியமா இருக்கு தெரியுமா?"

நல்ல வேளையாக அது திடீரென்று வேகம் பிடித்து, ஐந்திலிருந்து ஒரேயடியாக அறுபதுக்குத் தாவி, ஒரு மணிக்கு முடிந்தது. அதே நேரத்தில் மாமியார் உள்ளே வந்தார். போட்டோக்காரர் வீட்டிலேயே இருக்கிறவர்; அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் கடையைப் பார்த்துக்கொள்வதற்காகத் தினமும் வருகிறவர். இருக்கிற இடம் தெரியாத மனுஷி. மாப்பிள்ளை இருக்கும் அறையில் இருமக்கூட யோசிப்பார்.

"மாப்பிள்ளை, சாப்பிடப் போகலீங்களா? நேரமாச்சே."

"இல்ல அத்தை. கொஞ்சம் வேலை. நீங்க உட்காருங்க."

"சரிங்க மாப்பிள்ளை" என்று மூலை நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

அப்டேட் முடிந்த கம்ப்யூட்டரில் முன்னேற்றம் இருந்தது. முன்பு ஃபோல்டரைத் தட்டினால்தான் திரை கண்சிமிட்டும். இப்போது எதையும் தட்டாமலே விடாமல் சிமிட்டியது.

"ஏதோ தூசி விழுந்த கண்ணு மாதிரியே பண்ணுது" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "நகருங்கண்ணே, நான் பார்க்கிறேன்."

"அந்த ஃபோல்டரை மட்டும் திறக்காதீங்க!"

"ஏன், உள்ளே என்ன இருக்கு?"

"பசங்க படம்."

"அதைத்தானே திறக்கணும்?"

"திறக்கணும். ஆனா நீங்க பார்க்கக் கூடாது."

கண்ணாடிக்கடைக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு பெருந்தன்மையாக, "நான் எதையும் திறக்கல. இந்தக் கம்ப்யூட்டர்ல உங்க பேர்ல இருக்கிற கணக்கு கெட்டுப்போச்சு. புதுசா ஒரு கணக்கு உண்டாக்கி அது வழியா உள்ளே போனா எல்லாம் சரியாயிடும்" என்றார்.

புதுக் கணக்கு உண்டாயிற்று. அதன் வழியே உள்ளே போனார்கள். சிமிட்டல் நின்றுவிட்டது. திரை பளிச்சென்று இருந்தது. மலையும் ஏரியுமாக ஒரு காட்சி. ஒரு மூலையில் குப்பைக்கூடை. வேறு எதுவும் இல்லை. ஃபோல்டரும் இல்லை.

"பார்த்தீங்களா, எவ்வளவு சுத்தமா இருக்கு!"

"பசங்க எங்கே?"

"எந்தப் பசங்க?"

"அறுநூத்துப் பன்னிரண்டு பசங்கய்யா!" போட்டோக்காரரின் குரல் உடைந்தது. "பழைய கணக்குக்குத் திரும்பிப் போங்க. சீக்கிரம்!"

திரும்பிப் போனால், அது பாஸ்வேர்ட் கேட்டது. இத்தனை வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. முதன்முதலில் மனைவி ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். பிறகு அது தானாகவே திறந்துகொண்டிருந்தது. போட்டோக்காரர் கடையின் பெயரை அடித்தார். தவறு. தன் பெயரை அடித்தார். தவறு. 'பாஸ்வேர்ட்' என்றே அடித்தார். 'பத்து நிமிடம் கழித்து வாருங்கள்' என்று அது கதவைச் சாத்திக்கொண்டது.

மாமியார் செய்தித்தாளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "பாவம், மாப்பிள்ளைக்கு எவ்வளவு வேலை" என்றார் மெல்ல, யாரிடமும் இல்லாமல்.

மனைவிக்குப் போன் போட்டார். இரண்டு வாரமாக அவளோடும் சரியாகப் பேசவில்லை என்பதால் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் என்ன?"

"ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா கேட்பேனா?"

"இருங்க, வரேன்" என்று வைத்துவிட்டாள். அந்த 'வரேன்' நல்ல மாதிரியாக ஒலிக்கவில்லை.

இருபது நிமிடத்தில் வந்து நின்றாள். கணவனை ஏறிட்டும் பார்க்காமல் எட்டு எண்களைத் தட்டினாள். திறந்துகொண்டது.

"என்ன நம்பர் அது?" என்று ஆவலாகக் கேட்டார் கண்ணாடிக்கடைக்காரர்.

"எங்க கல்யாண தேதி."

போட்டோக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் எதுவும் காதில் விழாதவர்போலச் சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படம் ஒன்றைக் கூர்ந்து கவனிக்கத் தொடங்கினார்.

பழைய கணக்கில் ஃபோல்டர் இருந்தது. சிமிட்டலும் இருந்தது. சிமிட்டலை நிறுத்த மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்று எங்கோ படித்ததாகக் கண்ணாடிக்கடைக்காரர் சொன்னார். எந்த மூன்று என்பது மட்டும் அவருக்கு ஞாபகம் இல்லை. ஆகவே கைக்கு வந்த மூன்றை அழுத்தினார். திரை அப்படியே தலைகீழாகக் கவிழ்ந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் க்ளார்க் அம்மா உள்ளே வந்தார். மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. கையில் பென்டிரைவ், அக்குளில் குடை, முகத்தில் முப்பது வருட வருகைப்பதிவேட்டின் கண்டிப்பு.

"தயாரா சார்?"

"உட்காருங்கம்மா. இதோ ஒரு நிமிஷம்."

க்ளார்க் அம்மா திரையைப் பார்த்தார். பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். "ஏன் சார் கவிழ்ந்திருக்கு?"

"அது... லென்ஸ்ல எல்லாமே தலைகீழாத்தான் விழும்மா. எங்க தொழில்ல சில வேலையை இப்படி வெச்சுத்தான் பார்ப்போம்."

"ஓ" என்றார் க்ளார்க் அம்மா. மரியாதைக்காக இன்னும் கொஞ்சம் சாய்ந்தும் பார்த்தார்.

போட்டோக்காரர் மனைவியை ஓரமாகக் கூட்டிப் போய்க் கிசுகிசுத்தார். "படம் எல்லாம் உள்ளே மாட்டிக்கிச்சு. திறக்கவே மாட்டேங்குது."

"கேமரா கார்டுல இருக்குமே?"

அவருக்குச் சட்டென்று உயிர் வந்தது. கார்டு! ஏன் தோன்றவில்லை? மறுகணமே உயிர் போயிற்று. படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு 'காலி' என்று எழுதிக் கார்டை மேசைமேல் வைத்திருந்தார். நேற்று மதியம் மச்சான் எடுத்துப் போயிருந்தான்.

மனைவி தம்பியைக் கூப்பிட்டாள். "டேய், நேத்து எடுத்த கார்டு எங்கே... என்னது?... எத்தனை?" போனை மூடிக்கொண்டு கணவனைப் பார்த்தாள். "கார்டை அழிச்சுட்டு அதுமேல கொக்கு எடுத்திருக்கான்."

"எத்தனை கொக்கு?"

"ஒரே கொக்குதானாம். ரெண்டாயிரம் படம்."

போட்டோக்காரர் படம் எடுக்கும் ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தார். கண்ணெதிரே பரீட்சை அறை வாசலில் அறுநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். மூன்று நாள் முழுக்க, 'அசையாதே, நேரா பாரு' என்று அவர் அதட்டியதை நம்பி அப்படியே நின்ற பிள்ளைகள். அதில் ஒரு பெண், "அங்கிள், நல்லா வந்திருக்கா?" என்று மூன்று முறை வந்து கேட்டிருந்தாள். அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. எந்த ரோஷத்துக்காகப் படங்களை அவ்வளவு ஆழத்தில் கொண்டுபோய்ப் போட்டோம் என்று நினைத்துத் தன்னையே நொந்துகொண்டார்.

"அந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரப் பொண்ணைக் கூப்பிடு" என்றார் மனைவியிடம். "யார் என்ன பார்த்தாலும் பரவாயில்ல."

ரிப்பேர்க்காரப் பெண் பத்து நிமிடத்தில் வண்டியில் வந்து இறங்கினாள். அவள் பின்னாலேயே மச்சானும் கேமராப் பையோடு வந்து, வாசல்படியைத் தாண்டாமல் நின்றான்.

"உள்ளே வரலாமான்னு மாமாகிட்ட கேளு அக்கா."

"கடை அவனுக்கும் சொந்தம்னு உன் தம்பிகிட்ட சொல்லு."

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்பெட்டியா?" என்றாள் மனைவி.

ரிப்பேர்க்காரப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஏதோ இரண்டு விசையைத் தட்டித் திரையை நிமிர்த்தினாள். க்ளார்க் அம்மாவும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டார். பிறகு அந்தப் பெண் திரையில் கறுப்பாக ஒரு பெட்டியைத் திறந்து வெள்ளை எழுத்தில் என்னவோ அடித்தாள். ஒரு வரி வந்தது. அது நிற்கவில்லை. திரையின் அகலம் போதாமல் மடங்கி, மறுபடி மடங்கி, நாலைந்து வரிக்கு ஓடியது. அவள் உதடுகள் அசைந்தன. மெல்ல ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"சார், இது வைரஸ் இல்ல. பேர்தான் பிரச்சினை."

"என் பேரா?"

"ஃபோல்டர் பேர். உள்ளே இருக்கிற படத்துக்குப் போகணும்னா, வழியில இருக்கிற எல்லா ஃபோல்டர் பேரையும் சேர்த்து ஒரே மூச்சுல படிச்சாத்தான் இதுக்கு வழி தெரியும். பழைய ஃபைல் மேனேஜர் எப்படியோ சமாளிச்சுட்டு இருந்திருக்கு. புதுசுக்கு அந்தத் தெம்பு இல்ல. பாதியிலேயே மயக்கம் போட்டு விழுந்துடுது."

"படமெல்லாம்?"

"பத்திரமா இருக்கும். வெளியிலேர்ந்து ஒவ்வொரு பேரா எடுத்துட்டு ஒன்னு, ரெண்டுன்னு நம்பர் போட்டுக்கிட்டே உள்ளே போகணும். ஆனா அவசரத்துல தப்பா எதையாவது மாத்திட்டா சிக்கல். நான் பழைய பேரைப் படிக்கிறேன். யாராவது ஒரு தாள்ல வரிசையா எழுதிக்குங்க."

எழுத வேண்டும் என்ற சொல் காதில் விழுந்ததும் க்ளார்க் அம்மாவின் கையில் பேனாவும் தாளும் தாமாகவே முளைத்தன. "சொல்லும்மா."

போட்டோக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒன்னு. 'இதை யாரும் தொடக் கூடாது.' ரெண்டு. 'தொட்டா என்ன பண்ணுவீங்க.' மூணு. 'பண்ணும்போது தெரியும்.' நாலு. 'போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க.'"

வாசலில் நின்ற மச்சான் களுக்கென்று சிரித்தான். எழுதினதையும் எழுதிவிட்டு, ரசிக்கிறானே என்று போட்டோக்காரர் பல்லைக் கடித்தார்.

"அஞ்சு. 'மரியாதை தெரியாதவர்களுடன் எனக்குப் பேச்சில்லை.' ஆறு. 'பேச்சில்லைன்னு சொல்றதும் பேச்சுதான்.'"

"அடடா!" என்றான் மச்சான்.

"ஏழு. 'என் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு.' எட்டு. 'ஏசியை நிறுத்திட்டுப் போற பொறுமைதான் இல்லை.' ஒன்பது. 'நிறுத்தாதது நான் அல்ல.' பத்து. 'அப்போ பேயா.'"

"பேயாவுக்குக் கேள்விக்குறி உண்டாம்மா?" என்று க்ளார்க் அம்மா தலை நிமிராமல் கேட்டார்.

"ஃபோல்டர் பேர்ல கேள்விக்குறி வராது மேடம்."

"அப்படியா? அர்த்தம் மாறிடுமே" என்று க்ளார்க் அம்மா வருத்தத்தோடு எழுதிக்கொண்டார்.

"பதினொன்னு. 'அடுத்தவரைக் குறை சொல்லுமுன் தன்னைப் பார்க்க வேண்டும்.' பன்னிரண்டு..." ரிப்பேர்க்காரப் பெண் தயங்கினாள். "சார், படிக்கட்டுமா?"

"படிம்மா. இனிமே என்ன இருக்கு."

"'முதல்ல நீங்க கண்ணாடியைப் பாருங்க தலைச்சாயம் காதுல இருக்கு.'"

கடையில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் போட்டோக்காரரின் காதைப் பார்த்தார்கள். அவர் வலது கையால் வலது காதை மூடினார்.

"இடது காதுண்ணே" என்றார் கண்ணாடிக்கடைக்காரர் பரிவோடு.

மூலையில் இருந்த மாமியார் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை படுகிற அவமானத்தைக் கண்ணால் காணச் சகிக்கவில்லை போலும்.

"பதிமூணு. 'அது என் இயற்கை நிறம்.' பதினாலு. 'ஈரத் துண்டை நாற்காலியில போடறதும் இயற்கையா.'"

"இது!" போட்டோக்காரர் துள்ளி எழுந்தார். காதிலிருந்து கையை எடுத்து மனைவியை நோக்கி நீட்டினார். "இதுதான் எனக்குத் தாங்கல! வீட்டு விஷயத்தையெல்லாம் உன் தம்பிகிட்ட போய்ச் சொல்லியிருக்கே. நான் துண்டை எங்கே போட்டா இவனுக்கென்ன?"

"நான் எதுக்குங்க அதைப்போய் அவன்கிட்ட சொல்றேன்? அதுக்காகவா ரெண்டு வாரமா மூஞ்சியைத் தூக்கிட்டு இருந்தீங்க?"

"பதினஞ்சு" என்று ரிப்பேர்க்காரப் பெண் குரலை உயர்த்தினாள். "'இதுவே என் கடைசி எச்சரிக்கை.' அவ்வளவுதான் சார். அதுக்குள்ளே ஒன்னுமில்ல... இருங்க... இருக்கு!"

ஜன்னல் திறந்தது. ஒரு விநாடி நின்றது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு விநாடி. மூன்று. மூடிக்கொள்ளவில்லை. வெள்ளைத் திரையில் ஒரு சின்ன முகம் தோன்றியது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் வரிசை வரிசையாக, போலீஸ் பிடித்து வந்ததுபோலவே நேரே பார்த்துக்கொண்டு, அறுநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளும் வந்து நின்றார்கள்.

போட்டோக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வாழ்நாளில் அதைவிட அழகான படங்களை அவர் எடுத்ததில்லை என்று தோன்றியது. மூன்று முறை வந்து கேட்ட அந்தப் பெண்ணைத் தேடினார். நாலாவது வரிசையில் இருந்தாள். நல்லாத்தான் வந்திருந்தாள்.

படங்கள் பென்டிரைவில் ஏறி முடிந்தபோது மணி மூன்று ஐம்பது. க்ளார்க் அம்மா அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, எழுதிய தாளை நீட்டினார். "இந்தாங்க சார், வரிசைப்படி இருக்கு. ரெண்டு பேர் எழுத்தும் நல்லா இருக்கு. ஆனா எனக்கு என்னவோ அந்த இரட்டைப்படைக்காரர் பக்கம்தான் நியாயம் இருக்கிற மாதிரி தெரியுது" என்று சொல்லிவிட்டுக் குடையோடு விரைந்தார். ரிப்பேர்க்காரப் பெண்ணும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கடை அமைதியாயிற்று. வாசல்படியில் இன்னும் மச்சான் நின்றுகொண்டிருந்தான். போட்டோக்காரர் தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். ஒரு நாள் முழுக்கப் பட்ட பாட்டில் ரோஷமெல்லாம் வடிந்துபோயிருந்தது. இந்தச் சண்டையில் ஜெயித்து என்ன ஆகப்போகிறது?

"மச்சான், உள்ளே வா" என்றார்.

மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். பதினான்கு மாதத்தில் முதல் தடவை.

"மாமா!" என்று மச்சான் ஓடி வந்தான். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது மாமா. எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்கணும்னு நினைச்சேன். நீங்க மூஞ்சி கொடுக்கவே இல்ல."

"விடு. நானும் சின்னப்பிள்ளை மாதிரி நடந்துக்கிட்டேன். நீ எழுதினதுல ஏசி விஷயம் உண்மை. துண்டும் உண்மை. காதுகூட..." தடவிப் பார்த்துக்கொண்டார். "உண்மைதான். நான் எதையும் மனசுல வெச்சுக்கல."

"நான் என்ன எழுதினேன்?"

"இதோ, இந்த இரட்டைப்படை எல்லாம்தான்."

மச்சான் தாளை வாங்கிப் பார்த்தான். "மாமா, நான் உங்க ஃபோல்டர் பக்கமே போனதில்ல. தொடக் கூடாதுன்னு நீங்கதானே பேர் வெச்சிருந்தீங்க?"

"விளையாடாதே. அப்போ எதுக்கு அப்படிச் சிரிச்சே?"

"நீங்களே கேள்வி கேட்டு நீங்களே பதில் எழுதிட்டு இருந்தீங்கன்னு நினைச்சேன் மாமா. தனியா உட்கார்ந்து உட்கார்ந்து உங்களுக்கு இப்படி ஆயிடுச்சேன்னு உள்ளுக்குள்ள பாவமாக்கூட இருந்துச்சு."

போட்டோக்காரர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"என்னை எதுக்குப் பார்க்கறீங்க?" என்றாள் அவள். "எனக்கு உங்களைத் திட்டணும்னா நேர்லயே திட்டுவேன். இதுக்குப் போய் யாராவது கம்ப்யூட்டரைத் தேடுவாங்களா?"

கண்ணாடிக்கடைக்காரர் யாரும் கேட்காமலே இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

மூலையில் செய்தித்தாள் சரசரத்தது. மாமியார் அதை நான்காக மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றார். எப்போதும்போல மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு, அதே பணிவான குரலில் சொன்னார்:

"அவ பெண்டாட்டி, நேர்ல திட்டலாம்... மாப்பிள்ளைகிட்ட மாமியார் மரியாதையாத்தானே பேசணும், நான் வேற எங்கதான் போய்த் திட்டுறதுங்க மாப்பிள்ளை?"